அமெரிக்காவிலிருந்து வந்த சினேகிதர்

டத்தோ கிராமாட், பினாங்கு
14 ஜனவரி 2024

அன்புத் தங்கை மோகனாவுக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணி வள்ளியம்மாவுக்குத்தான் சர்க்கரை ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. பாஸ்டனில் பனி கொட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வழுக்கி விழாமல் பத்திரமாக நட. உனக்கும் எழுபத்து நான்காகிறது.

நல்ல செய்தி ஒன்று. பேத்தி காமினிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் ஹரீஷ். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவருடைய அப்பா மெய்யநாதன் நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டம் குத்தகை எடுத்து நடத்துகிறார். கௌரவமான குடும்பம். நம் கணேஷுக்கு மகளைக் கட்டிக்கொடுக்கும் கவலை தீர்ந்தது.

ஜூன் மாதம் கல்யாணம். நீ அவசியம் வர வேண்டும். அம்மா காரியத்துக்குப் பிறகு நீ பினாங்குக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. உன் பழைய அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன். ஒற்றைக் கட்டில்தான் என்றாலும் உனக்குப் போதும்.

தலைமையாசிரியராக இருந்த காலத்துப் பழக்கம், எனக்குக் கையால் எழுதினால்தான் எழுதியதுபோல் இருக்கிறது. நீயும் எழுது. உன் தமிழ் துருப்பிடிக்காமல் இருக்கும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணன் நல்லமுத்து


பாஸ்டன்
6 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே வாசல்படியெல்லாம் பனி. ரேமண்ட்தான் மண்வெட்டியோடு இறங்கிப்போய்க் கடிதத்தை எடுத்து வந்தார். அண்ணியை இனிப்பில் கை வைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். நர்ஸ் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

காமினிக்குக் கல்யாணம் என்றதும் இருவரும் சந்தோஷப்பட்டோம். நாங்கள் வருகிறோம் அண்ணே. நானும் என் வீட்டுக்காரரும். மகள் லைலாவால் முடியாது, அவள் வேலை அப்படி.

அப்பா போனபோதும் அம்மா போனபோதும் நான் தனியாகத்தான் வந்தேன். விமானச் சீட்டு விலை அதிகம் என்று ரேமண்டிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, திருப்பிக் கேட்கவில்லை. இந்த வயதில் இன்னொரு தரம் தனியாக வர எனக்கு மனமில்லை. அவர் இப்போதே பினாங்கு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு டத்தோ கிராமாட் எங்கே என்று தேடுகிறார்.

ஒற்றைக் கட்டில் போதாதே. என்ன செய்யலாம், எழுதுங்கள்.

அன்புடன்
மோகனா


பினாங்கு
2 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் அறிந்து மகிழ்ச்சி. இங்கே வெயில் தாங்கவில்லை, அண்ணி பகலில் வெளியே போவதே இல்லை.

கட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். மாடிப்படி செங்குத்து, குளியலறை கீழே. அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்ததாக முன்பு எழுதியிருந்தாய். அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வருவது அந்தக் காலுக்கு நல்லதா என்று டாக்டரிடம் கேட்டாயா? அப்படியே வந்தாலும் கடற்கரைப் பக்கம் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன.

இன்னொன்று. நீ தப்பாக நினைக்கக் கூடாது. என் தங்கை அமெரிக்காவில் நர்ஸாக இருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. அப்பா காலத்திலிருந்து ஊரில் எல்லோரிடமும் சொல்லி வந்ததுதான், உனக்கும் தெரியும். இப்போது திடீரென்று வேறு மாதிரி சொன்னால், இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். எனக்காகச் சொல்லவில்லை. பெண் பிள்ளை விஷயம். நிபோங் திபால்காரர்கள் பழைய மாதிரி மனிதர்கள்.

நீ புத்திசாலி. மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

உன் நலம் நாடும்
அண்ணன்


பாஸ்டன்
28 மார்ச் 2024

அண்ணனுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். அதில் ஒரு இடத்திலும் ரேமண்டின் பெயர் இல்லை. எனக்குக் கல்யாணமாகி நாற்பத்தேழு வருஷமாகிறது. எப்படிச் சந்தித்தீர்கள் என்று நம் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

நான் இங்கே வந்த அடுத்த வருஷம், 1974. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. பள்ளி திறந்த அன்று கறுப்பினப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வெள்ளைக்காரப் பகுதிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் திரும்பும்போது கூட்டம் கூடி நின்று பஸ்கள்மீது கல்லெறிந்தது. எறிந்தவர்களில் தாய்மார்களும் இருந்தார்கள். நான் அவசரப் பிரிவில் வேலையில் இருந்தேன். உயரமான ஒரு இளைஞர் ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவள் தலைமுடி முழுக்கக் கண்ணாடித்தூள். நான் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். முடியும்வரை அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காதிலிருந்து ரத்தம் சட்டையில் வழிவதை அவர் கவனிக்கவே இல்லை. அவர்தான் அந்த பஸ்ஸை ஓட்டியவர். அவர்தான் ரேமண்ட்.

பிறகு படித்து, பள்ளியில் சரித்திர ஆசிரியரானார். முப்பது வருஷம் பாடம் நடத்தினார். அண்ணே, அவரும் உங்களைப்போல ஒரு வாத்தியார். அதுகூட உங்களுக்குத் தெரியாது.

நம்மைப் போன்றவர்களை இந்த நாட்டுக்குள் விடாமல் ஒரு காலத்தில் சட்டம் வைத்திருந்தார்கள். அறுபதுகளில் இவருடைய ஆட்கள், கறுப்பினத்தவர்கள், சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கி அடிபட்டு, நாய்க்கடிபட்டு, ஜெயிலுக்குப் போனார்கள். அந்தப் போராட்டம்தான் அந்தச் சட்டத்தையும் அசைத்தது. நான் விமானம் ஏறி வந்த கதவு அப்படித் திறந்த கதவு. எண்பதுகளில் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து, பெரிய வேலை பார்த்து, புல்தரை வைத்த வீடு வாங்கினார்கள். பக்கத்து ஊரில் பொங்கல் கொண்டாடினார்கள். ரேமண்டை அழைத்துப் போனேன். வாசலில் ஒருவர் அவரை வண்டி நிறுத்தும் ஆள் என்று நினைத்துச் சாவியை நீட்டினார். ரேமண்ட் வாங்கிக்கொண்டு போய் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்தார். நான் அந்த ஆளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பொங்கல் சாப்பிட்டேன்.

சீட்டு எடுத்தாகிவிட்டது. ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம். அது பரவாயில்லை.

மோகனா


பினாங்கு
25 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். கடிதம் வந்தது. கல்யாண வேலையில் விரிவாக எழுத நேரமில்லை. ஓட்டலில் ஒரு வாரத்துக்கு அறை சொல்லிவிட்டேன். விமான நிலையத்துக்குக் கணேஷ் காடி எடுத்துக்கொண்டு வருவான். பத்திரிகை இணைத்துள்ளேன். அத்தைப் பாட்டி என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் வந்திருக்கிறது, அச்சுக்குப் போன பிறகு மாற்ற முடியவில்லை.

வாருங்கள்.

அண்ணன்


பினாங்கு
30 ஜூன் 2024

அன்புத் தங்கை மோகனாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வந்து சேர்ந்ததாக நீ கணேஷுக்கு அனுப்பிய ஒரு வரியைப் பார்த்தேன். பயணக் களைப்புத் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கல்யாணத்தைப் பற்றி இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். அன்று காலையில் மழை வந்துவிடுமோ என்று பயந்தேன். தாலி கட்டி முடியும்வரை பொறுத்திருந்து பிறகுதான் கொட்டியது. பாயசம் இரண்டாம் பந்திக்கே தீர்ந்துவிட்டதாம், அண்ணிக்கு அந்தக் குறை இன்னும் போகவில்லை. நாதஸ்வரக்காரரை மெய்யநாதன் ரொம்பப் புகழ்ந்தார். உன்னோடு வந்தவருக்கும் சாப்பாடு பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். வாழையிலையில் கையால் பிசைந்து எவ்வளவு நேர்த்தியாகச் சாப்பிட்டார்!

புகைப்படங்கள் சில அனுப்பியிருக்கிறேன். புகைப்படக்காரன் சரியில்லை. எல்லோரையும் எடுக்கவில்லை.

பதில் எழுது.

அண்ணன் நல்லமுத்து


பினாங்கு
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால் தாமதமோ என்று தபால் நிலையத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்த நூர் ஃபாத்திஹா என்ற பெண் கணினியில் பார்த்துவிட்டு, என் கடிதம் உன் வீட்டில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

காமினி மாதம் ஒருமுறை வருகிறாள். அண்ணியோடு சமையலறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். என்னோடு முன்போல் வாயாடுவதில்லை. கல்யாணமானால் பெண்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

கல்யாண மண்டப வாசலில் நான் ஏதாவது அவசரத்தில் பேசியிருந்தால், நூறு பேரை வரவேற்கும் பரபரப்பில் பேசியிருப்பேன். நல்லவேளை, அதெல்லாம் தமிழில்தான். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இரண்டு வரியாவது எழுது.

அண்ணன்


பாஸ்டன்
14 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் இல்லை.

அவருக்குத் தமிழ் புரியும் அண்ணே. பேச வராது, புரியும். ஐம்பது வருஷமாக நான் தமிழில்தான் கோபப்படுகிறேன், சாமி கும்பிடுகிறேன், தூக்கத்தில் உளறுகிறேன். புரியாமல் எப்படி இருக்கும்?

வாசலில் நடந்ததை நீங்கள் எழுத மாட்டீர்கள். நான் எழுதுகிறேன். மெய்யநாதன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ரேமண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு உங்களிடம் கேட்டார், "இவங்க யாருன்னு சொல்லலியே சம்பந்தி?"

நீங்கள் சொன்னீர்கள், "தங்கச்சியோட சினேகிதர்லா. ஒரே ஆஸ்பத்திரில வேலை. நம்ம ஊர்க் கல்யாணம் பாக்கணும்னு ஆசைப்பட்டாரு, கூட்டிட்டு வந்திருக்கா."

சினேகிதர் என்ற வார்த்தை அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடம் தொலைபேசியில் அவரைப் பற்றி முதன்முதலாகச் சொன்னபோது நான் சொன்ன வார்த்தை அது. பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு அர்த்தம் கேட்டார். அந்த வார்த்தையைத் தாண்டிப் புருஷன் என்ற இடத்துக்கு வர அவருக்கு எவ்வளவு நாளானது என்று எனக்குத்தான் தெரியும்.

உங்கள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெய்யநாதனைப் பார்த்துக் கைகூப்பினார். "வணக்கம். ஃப்ரெண்ட்" என்றார். உங்கள் பொய்யை அவரே தாங்கிப் பிடித்தார்.

வேட்டி கட்ட இங்கே ஒரு மாதம் பழகினார் அண்ணே. நழுவிவிட்டால் மாமனார் வீட்டில் மானம் போய்விடும் என்று சிரித்துச் சிரித்துப் பழகினார். அன்று ஓட்டலுக்கு வந்ததும் அதை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார்.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. பூத்தட்டை ஏந்திக்கொண்டு நானும் பக்கத்தில்தான் நின்றேன். "இவர் என் புருஷன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நீங்கள் தலைகுனிந்துவிடக் கூடாதே என்று என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் தலைகுனிந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்லெறிந்த கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு நியாயம் எழுதியவள் நான். இப்போது அவருக்குக் காபி கொடுக்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மோகனா


பினாங்கு
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கை மோகனாவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு சில நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி கேட்டாள். படித்துக் காட்டினேன். "நானும் அங்கதான நின்னேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கணேஷைக் காடி எடுக்கச் சொல்லிப் பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போனேன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை. மெய்யநாதன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்ததும், ஆறவிட்டால் தைரியம் போய்விடும் என்று உடனே சொன்னேன்.

"சம்பந்தி, கல்யாணத்துல என் தங்கச்சி பக்கத்துல நின்னவரு சினேகிதர் இல்ல. அவ புருஷன். உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க சார். எங்களுக்குத் தெரியும்லா."

"எப்பத்துலேர்ந்து?"

"நிச்சயத்துக்கு முந்தியே. காமினி வந்து சொல்லிருச்சு. 'எங்க அமெரிக்கா தாத்தா கறுப்பினத்தவரு, வாத்தியாரா இருந்தவரு. எங்க வீட்டுல மறைச்சுப் பேசுவாங்க, எனக்கு மறைக்க இஷ்டமில்ல'ன்னுச்சு. அந்த லைலா பொண்ணுகூட இது போன்ல அடிக்கடி பேசுமாமே."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் என்கிட்ட யாருன்னு கேட்டீங்க?"

"நீங்க உங்க வாயால சொல்லட்டும்னுதான். சொன்னதும் முறைப்படி மரியாதை செய்யணும்னு உள்ளே அவருக்கு மாலை எடுத்து வெச்சிருந்தோம். நீங்க சினேகிதர்னுட்டீங்க. அதுக்கப்புறம் மாலையைப் போட்டா, அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பொய்க்காரராக்கின மாதிரி ஆயிடும். எப்படிப் போடுறது?"

"அந்த மாலை என்ன ஆச்சு?"

"பொண்ணு மாப்பிள்ளை போன காடிக்குப் போட்டோம்."

மோகனா, அந்தக் காடியின் முன்னால் நின்று நான் புகைப்படம் எடுத்துக்கொண்டேன். என் மேசையில் இருக்கிறது.

பிள்ளை வீட்டார் பழைய மாதிரி மனிதர்கள் என்று உனக்கு எழுதினேன். அவர்கள்மேல் பழியைப் போட்டேன். அப்பா சொன்னார் என்று அவர்மேல் போட்டேன். காமினிக்காக என்றேன். ஒருவரும் என்னிடம் அந்தப் பொய்யைக் கேட்கவில்லை. கூசியவன் நான் ஒருவன்தான். அவருடைய நிறத்தைப் பார்த்துக் கூசினேன். என் நிறம் என்னவென்று கண்ணாடி பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் கணேஷ் கேட்டான், "அப்பா, அமெரிக்கா மாமாவுக்கு எழுதுவீங்களா?" தன் சம்பந்தியிடம் நான் பேசியதை அவனும் உட்கார்ந்து கேட்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் அங்கே வந்து ரேமண்டிடம் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது. வேண்டாம் என்றால் அதையும் எழுது.

நல்லமுத்து


பாஸ்டன்
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே குளிர் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் நலம்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்தேன். மாலையைக் காடிக்குப் போட்ட இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்" என்று தமிழிலேயே சொன்னேன்.

"ஆமாம்" என்றார், அதையும் தமிழில். 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லாததுதான் சரி.

மறுநாள் சாப்பிடும்போது உங்களுக்குப் பதில் சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "மன்னிப்புக் கேட்க வருவதென்றால் வேண்டாம். ஒருவர் மன்னிப்புக் கேட்டால் அவரைத் தேற்றுகிற வேலையும் என் தலையில்தான் விழும். அந்த வேலையை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவதென்றால் வரட்டும். இந்தக் குளிர் போகட்டும், எனக்கும் கொஞ்சம் நாள் வேண்டும்."

ஏப்ரலில் வாருங்கள். மாடியில் அறை இருக்கிறது. அண்ணிக்கு முடிந்தால் அழைத்து வாருங்கள்.

மோகனா


பினாங்கு
23 பிப்ரவரி 2025

அன்புள்ள மோகனாவுக்கும் மாப்பிள்ளை ரேமண்டுக்கும்,

இங்கு நலம். அண்ணியைப் பயணம் செய்ய வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பங்குக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

விசா நேர்காணலுக்குக் கோலாலம்பூர் போய் வந்தேன். காமினிதான் துணைக்கு வந்தாள். பஸ்ஸில் போகும்போது அவள் பாதி வழிவரை பேசவில்லை. பிறகு வாட்டர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, "குடிங்க தாத்தா" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. எங்கள் பேச்சு ஒலிபெருக்கியில் வந்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றார்.

"என் தங்கையையும் அவள் கணவரையும். அவர்கள் வீட்டில் தங்கப் போகிறேன்" என்றேன். இதை எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவருடைய பெயர், தொழில் கேட்டார். ரேமண்ட், ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் என்றேன். அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே, சும்மா கேட்பதுபோல இன்னொன்று கேட்டார். அதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"அவரை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

நாற்பத்தேழு வருஷம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். சொல்ல முடியவில்லை.

"ஒரு வாரம்" என்றேன்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பின்னாலிருந்தவர்களும் பார்த்திருப்பார்கள். "உங்கள் தங்கைக்கு 1977லேயே கல்யாணமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே?" என்றார்.

"ஆமாம் ஐயா. தப்பு என்னுடையது" என்றேன்.

விசா கொடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் வருகிறேன்.

நல்லமுத்து